எடை மெஷின் காட்டும் எண்ணும் பாபநாசம் அணையின் நீர்மட்டமும்

பாளையங்கோட்டை மகாராஜ நகரில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் எழுதியதன் சுருக்கம்: வயது 38, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். போனோடு இணையும் ஸ்மார்ட் எடை மெஷின் ஒன்றை வாங்கி, இரண்டு வாரமாகத் தினமும் ஏறிப் பார்க்கிறார். சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார், நடக்கிறார். ஆனால் சித்தப்பா வீட்டு மறுவீட்டில் சொதிச் சாப்பாடு சாப்பிட்ட மறுநாள் 1.3 கிலோ கூடியிருந்தது. கொழுப்புச் சதவீதம் ஒருநாள் 29 என்கிறது, அடுத்த நாள் 32 என்கிறது. "மெஷின் கோளாறா, என் உடம்பு கோளாறா? திருப்பி அனுப்பிவிடட்டுமா அக்கா? வீட்டில் மனைவியும் ஏறலாமா? பேஸ்மேக்கர் வைத்திருக்கும் அம்மா ஏறலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. அம்மா அந்த மெஷினில் ஏற வேண்டாம். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். ஆனால் இன்று முதலே ஏறவிடாதீர்கள்.

மற்றபடி மெஷினும் சரியாக இருக்கிறது, நீங்களும் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். 16 வருடமாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். எடை குறையாததால் விட்டுவிட்டவர்களை விட, குறைந்துகொண்டிருப்பது தெரியாமல் விட்டுவிட்டவர்களை அதிகம் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பேப்பரில் தினமும் பாபநாசம் அணையின் நீர்மட்டம் வரும். மொத்த உயரம் 143 அடி, இன்று இத்தனை அடி, நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு என்று. மலையில் ஒரு ராத்திரி நல்ல மழை பெய்தால் காலையில் மட்டம் ஏறியிருக்கும். அதைப் பார்த்து யாராவது நாற்றுப் பாவ முடிவெடுப்பார்களா? பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் நிற்குமா என்று யோசிக்கிறவர், ஒரு வாரம் பத்து நாளாக மட்டம் எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்ப்பார். உங்கள் எடையும் அந்த நீர்மட்டம் மாதிரிதான். சொல்லப்போனால், ஒரு நாளுக்குள் ஏறி இறங்குவது பெரும்பாலும் தண்ணீரேதான்.

அந்த 1.3 கிலோவையே எடுத்துக்கொள்வோம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேரச் சுமார் 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். 1.3 கிலோவுக்கு ஏறக்குறைய 10,000 கலோரி. அதுவும் உங்கள் உடம்பு அன்றைக்குச் செலவழித்தது போக மிஞ்சியது. உங்களுக்கு ஒரு நாளைக்கு 2,200 கலோரி செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், அன்று ஒரே நாளில் 12,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு, அப்பளம், பாயசம் எல்லாவற்றையும் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாலும் அந்தக் கணக்கு வராது.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? முதலில், சாப்பிட்டதன் எடையே வயிற்றிலும் குடலிலும் இருக்கிறது. விருந்துச் சாப்பாடு முழுக்க வெளியேற ஒரு நாளுக்கு மேல் ஆகும். அடுத்தது உப்பு. அப்பளம், ஊறுகாய், பச்சடி, சிப்ஸ் என்று அன்று உள்ளே போன உப்புக்கு ஏற்ற அளவு தண்ணீரை உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுநீரகம் அதைச் சரிசெய்ய ஒன்றிரண்டு நாள் எடுக்கும். மூன்றாவது கிளைகோஜன். சோற்றில் இருந்து வரும் மாவுச்சத்தை ஈரலும் தசையும் இந்த வடிவத்தில் சேமிக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். நீங்கள் அதற்கு முன் சில நாளாகச் சோற்றைக் குறைத்திருந்தீர்கள், சேமிப்பு வற்றியிருந்தது, விருந்தில் மறுபடி நிரம்பியது. அவ்வளவுதான்.

இதையே திருப்பிப் போட்டும் பாருங்கள். டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அதிலும் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். இறங்கும்போது அதை நம்பிவிட்டு, ஏறும்போது மனம் உடைந்து போவதில்தான் பலருடைய முயற்சி நின்றுபோகிறது.

நீங்கள் அனுப்பிய எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முதல் வாரம், வியாழன் தொடங்கி: 84.2, 83.6, 84.0, ஞாயிறு 83.5, விருந்துக்கு மறுநாள் திங்கள் 84.8, பிறகு 84.3, புதன் 83.6. ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் சரியாக 84.0. இரண்டாம் வாரம்: 83.9, 83.4, 83.2, ஞாயிறு 83.8, 83.3, 83.5, புதன் 83.0. சராசரி 83.4. ஆக, ஒரு வாரத்தில் 600 கிராம் குறைந்திருக்கிறது. நல்ல வேகம் இது.

இப்போது இன்னொன்றைக் கவனியுங்கள். "தினமும் பார்க்காதே, வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் ஞாயிறு 83.5, அடுத்த ஞாயிறு 83.8. 300 கிராம் கூடிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் குறைந்த வாரம் அது. வாரம் ஒருமுறை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த ஏமாற்றம் எத்தனை தடவை நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்மார்ட் மெஷினின் உண்மையான உதவி இங்கேதான் இருக்கிறது. தினமும் ஏறினால் போதும், அது தானாகக் குறித்துக்கொள்ளும். ஆப்பில் போய் வார சராசரியை அல்லது போக்குக் கோட்டைப் பாருங்கள். உங்கள் ஆப்பில் அது இல்லாவிட்டால், புதன்கிழமைதோறும் ஏழு எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்துக் காலண்டரில் எழுதுங்கள். அந்தச் சராசரியை மட்டும் உங்கள் எடை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஏறிப் பார்ப்பதால் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 91 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு இப்படி ஒரு மெஷினைக் கொடுத்துத் தினமும் ஏறச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் சராசரியாகத் தங்கள் எடையில் 6.5 சதவீதம் குறைந்தார்கள், மற்றப் பிரிவில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. ஆனால் மெஷினோடு வாராவாரம் மின்னஞ்சலில் பாடமும், அவரவர் எண்ணைப் பார்த்துச் சொன்ன யோசனையும் போயின என்பதை மறந்துவிடக் கூடாது. கருவி மட்டும் போதாது என்பதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. 2016-இல் வந்த, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வு ஒன்றில், உடல் அசைவைக் கணக்கிடக் கையில் கட்டும் கருவியையும் சேர்த்துப் பெற்றவர்கள் இரண்டு ஆண்டில் 3.5 கிலோ குறைந்தார்கள். கருவி இல்லாமல் தாங்களே எழுதி வைத்தவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். அதனால் எண்ணைப் பார்த்த பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் அந்தக் கொழுப்புச் சதவீதம். உங்களைக் குழப்பியது அதுதான் என்று தெரிகிறது.

மெஷின் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று எடை பார்ப்பது. நான்கு மூலையிலும் சிறிய உலோகத் துண்டுகள் இருக்கும். நீங்கள் ஏறியதும் அவை மயிரிழை அளவு வளையும், அவற்றில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை மாறும், அதை வைத்து எடை தெரியும். இதை நம்பலாம். இரண்டாவது வேலை, வெறுங்காலின் கீழ் இருக்கும் உலோகப் பட்டைகள் வழியாக உணர முடியாத அளவு சிறிய மின்சாரத்தை அனுப்புவது. அது ஒரு காலில் ஏறி, அடிவயிற்றுப் பக்கமாகச் சுற்றி, மறு காலில் இறங்கும். தசையில் தண்ணீர் அதிகம் என்பதால் மின்சாரம் எளிதாகப் போகும், கொழுப்பில் தண்ணீர் குறைவு என்பதால் தடுக்கும். எவ்வளவு தடை என்பது மட்டுமே மெஷின் அளந்தது. அதோடு உங்கள் வயது, உயரம், ஆணா பெண்ணா, எடை எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கொழுப்பு இத்தனை சதவீதம் என்று கணிக்கிறது.

ஆக, அது அளப்பது தண்ணீரைத்தான், கொழுப்பை நேராக அளக்கவில்லை. தண்ணீர் மாறினால் சதவீதம் மாறும். காலையில் எழுந்ததும் ஒரு எண், நாள் முழுக்க நின்று நடந்து காலில் நீர் இறங்கிய பிறகு சாயங்காலம் அதை விடக் குறைந்த எண். கத்திரி வெயிலில் வண்டியில் அலைந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உடம்பு வற்றிக் கொழுப்புக் கூடியதாகக் காட்டும். கால் ஈரமாக இருந்தால் வேறு எண். பித்தவெடிப்பும் காய்த்துப்போன உள்ளங்காலும் இருந்தால் அதுவும் தடையைக் கூட்டும். நம் பக்கத்தில் செருப்பில்லாமல் நடந்து பழகியவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு இது நடக்கும். மேலும் மின்சாரம் போவது காலுக்கும் அடிவயிற்றுக்கும் தான். நெஞ்சு, கை, மேல்வயிறு எல்லாம் ஊகம். நம் ஆண்களுக்குக் கொழுப்பு சேரும் முக்கியமான இடமே வயிறு அல்லவா?

29-இல் இருந்து 32 என்றால் 84 கிலோவில் 2.5 கிலோ. ஒரே ராத்திரியில் உங்கள் தசையில் 2.5 கிலோ கொழுப்பாக மாறியது என்று அர்த்தம். அப்படி எந்த உடம்பிலும் நடக்காது. அதனால் அந்த எண்ணைத் தினமும் பார்க்கவே வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை, அந்த மாதத்தின் சராசரியைப் போன மாதத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பாருங்கள். வேறு பிராண்ட் மெஷின் காட்டிய எண்ணோடு ஒப்பிடாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனிச் சூத்திரம் வைத்திருக்கிறது.

முன்பு ரயில் நிலையங்களில் வண்ண விளக்கு சுற்றும் எடை மெஷின் இருந்தது நினைவிருக்கும். காசு போட்டால் ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன் வாசகம். குழந்தையில் எனக்கு அந்த மறுபக்கம்தான் ரொம்பப் பிடிக்கும். இப்போது ஆப்பில் வரும் "உடல் வயது", எலும்பு எடை, புரதச் சதவீதம், உள்ளுறுப்புக் கொழுப்பு எண் எல்லாவற்றையும் நான் அந்த மறுபக்கமாகத்தான் பார்க்கிறேன். எல்லாம் அந்த ஒரே தடை எண்ணில் இருந்து கணக்குப் போட்டு வருபவை. என்னிடம் வந்த ஒரு ஆசிரியை, உடல் வயது 51 என்று காட்டியதைப் பார்த்து இரண்டு நாள் தூங்கவில்லை. அவருக்கு வயது 39. அந்த எண்ணை ஆப்பில் மறைத்துவைக்கச் சொன்னேன். உங்கள் ஆப்பிலும் வசதி இருந்தால் எடை ஒன்றைத் தவிர மற்றதை மறைத்துவிடுங்கள்.

இதனால் கொழுப்புச் சதவீதம் முக்கியமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. நம்மவர்களுக்கு அது மற்றவர்களை விட முக்கியம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-இல் ஒரு மருத்துவ இதழில் தங்கள் இருவரையும் வைத்தே ஒரு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 22.3, ஒரே அளவு. ஆனால் எக்ஸ்ரே முறையில் துல்லியமாக அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம் கொழுப்பு, யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பிலும் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதற்கு இதை விட எளிய உதாரணம் நான் பார்த்ததில்லை. அதனால்தான் நமக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல்பருமன் என்று இந்திய மருத்துவர்கள் வரம்பைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பிஎம்ஐ 29.8.

அந்தக் கொழுப்பைப் பிடிக்க உங்கள் மெஷினை விட நல்ல கருவி டெய்லர் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் சுற்றிப் பாருங்கள். வேட்டியோ பேன்ட்டோ கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பை அதற்கு மேலே தப்பிவிடும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து, எடையின் சராசரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். தென்காசியில் இருந்து வந்த ஒருவருக்கு மூன்று வாரம் எடை அசையவே இல்லை, இடுப்பு மட்டும் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அப்போதுதான் அவர் உடற்பயிற்சி ஆரம்பித்திருந்தார். டேப் இல்லையென்றால் அவர் அந்த வாரமே நிறுத்தியிருப்பார்.

சரி, மெஷினை எங்கே வைப்பது, எப்போது ஏறுவது? வெளிநாட்டில் குளியலறையில் தரை காய்ந்திருக்கும், அதனால் அங்கே வைக்கிறார்கள். நம் குளியலறையில் எப்போதும் ஈரம், தண்ணீர் ஓடத் தரையும் சரிவாக இருக்கும். அங்கே வைக்கவே வைக்காதீர்கள். ஈரக்காலோடு கண்ணாடிப் பலகையில் ஏறி வழுக்கினால் எடை குறைப்பதெல்லாம் அப்புறம்தான். படுக்கையறையிலோ பட்டாசலிலோ (கூடத்திலோ) டைல்ஸ் சமமாக இருக்கும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். மிதியடி மேல், பாய் மேல் வைக்கக் கூடாது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் அம்மா வீடு பழைய செங்கல் தளம். பட்டாசலில் ஓர் எடை, அடுப்படி வாசலில் இன்னோர் எடை, 600 கிராம் வித்தியாசம் காட்டியது. ஒரு வாரம் நானே குழம்பியிருக்கிறேன்.

காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, காபி குடிப்பதற்கு முன்னால் ஏறுங்கள். தினமும் ஒரே மாதிரி உடையில். காலைத் துடைத்துக்கொண்டு. ஏறி அசையாமல் நில்லுங்கள், எண் நிற்கும் வரை போனைக் கையில் பிடிக்க வேண்டாம். இறங்கி மறுபடி ஏறிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். சில மெஷின்கள் இரண்டாவது முறை கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் முதல் எண்ணையே திருப்பிக் காட்டும், அதனால் அது உறுதிப்படுத்தல் ஆகாது. மெஷின் மேல் சந்தேகம் வந்தால் 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, பை இல்லாமல் ஒருமுறை ஏறுங்கள். வித்தியாசம் 10 கிலோவை ஒட்டி இருந்தால் போதும்.

ராத்திரி படுக்கும் முன்னும் ஒருநாள் ஏறிப் பாருங்கள், ஒரு விஷயம் புரியும். காலையில் அரை கிலோ போலக் குறைந்திருக்கும், ஒன்றும் செய்யாமலே. இத்தாலியின் பதுவா நகரத்து மருத்துவர் சாந்தோரியோ, எடை பார்க்கும் நாற்காலி ஒன்றைச் செய்து அதில் உட்கார்ந்து சாப்பிட்டு, தூங்கி, முப்பது ஆண்டு தன்னையே நிறுத்துப் பார்த்தார். 1614-இல் அதை எழுதி வெளியிட்டார். சாப்பிட்டதற்கும் கழித்ததற்கும் கணக்கு ஒத்துவராமல் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகிறது என்று கண்டார். கொழுப்புக்கும் அதுதான் வழி. 2014-இல் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோதான் தண்ணீர். வியர்வை வழிய வழிய உடற்பயிற்சி செய்து மெஷினில் ஏறி ஒரு கிலோ குறைந்தது என்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். அது வியர்வை. இரண்டு செம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும்.

இனி எண்ணை வைத்து என்ன செய்வது என்பது. உங்களுக்கு முதல் இலக்கு 84-இல் 5 சதவீதம், அதாவது சுமார் 4 கிலோ. அவ்வளவு குறைந்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். 65 கிலோ என்று இப்போதே ஆப்பில் இலக்கு போட்டு வைக்காதீர்கள். 80 என்று போடுங்கள். வாரத்துக்கு அரை கிலோ போதும். ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் தசையும் சேர்ந்து போகிறது என்று சந்தேகப்படுங்கள்.

வார சராசரி இறங்கிக்கொண்டிருக்கும் வரை எதையும் மாற்றாதீர்கள். மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றால், ஒரே ஒரு விஷயத்தை மாற்றி மறுபடி மூன்று வாரம் பாருங்கள். ஐந்தையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எதை மாற்றுவது என்பதற்கும் உங்கள் பட்டியலிலேயே இடம் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு ஸ்பூன் சுமார் 10 கிராம், 40 கலோரி. நாலு காபிக்கு 160. அதை விட்டால் 48 நாளில் ஒரு கிலோ கொழுப்புக்குரிய கலோரி மிச்சம். ஒரு மண்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டிக் காபிக்கு மாறிவிடலாமா என்று பலர் கேட்பார்கள். ருசி நன்றாக இருக்கும், கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது.

வாரம் மூன்று ராத்திரி பரோட்டா சால்னா என்றும் எழுதியிருந்தீர்கள். அதை ஒன்றாக்குங்கள். அந்த ஒரு நாளுக்கு மறுநாள் காலையிலும் கட்டாயம் மெஷினில் ஏறுங்கள். ஏறத்தான் செய்யும், உப்பும் மாவும் தண்ணீரும். மூன்றாம் நாள் இறங்குவதையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இரண்டு மூன்று முறை இப்படிப் பார்த்துவிட்டால் அந்த எண்ணைப் பார்த்து வரும் பயம் போய்விடும். எடை கூடியிருக்கும் என்று தெரிந்த நாளில் மட்டும் மெஷின் பக்கம் போகாமல் இருப்பது எல்லோருக்கும் வரும் ஆசை. அந்த நாட்களை விட்டுவிட்டால் சராசரி பொய் சொல்லும்.

அல்வாவை விடச் சொல்ல மாட்டேன். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்தது, நெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, அதனால் அது லேசான பண்டம் கிடையாது. ஆனால் டவுனுக்குப் போய்விட்டு, சூடாக வாழை இலைத் துண்டில் வைத்து நீட்டும்போது வேண்டாம் என்று சொல்லி வாழ்நாள் முழுக்க இருக்க முடியுமா? 50 கிராம் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். அரைக் கிலோ பொட்டலம் வீட்டுக்கு வர வேண்டாம். சோற்றில் ஒரு அகப்பை குறைத்தால் அந்த இடத்தில் அவித்த சிறுபயறு, முட்டை, மீன் குழம்பில் மீன் துண்டு என்று ஏதாவது புரதம் வரட்டும். ரத வீதிகளைச் சுற்றி நடப்பது நல்லது, அதோடு வாரம் இரண்டு நாள் எடை தூக்குவது, தண்டால் போன்ற தசைக்கான பயிற்சியும் வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும் எடையில் தசையின் பங்கு கூடிவிடும், மெஷினுக்கு அந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது.

சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரை ஆரம்பித்திருந்தால், சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகளோடு சாப்பாடு குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

உங்கள் மனைவி தாராளமாக ஏறலாம். ஆப்பில் அவருக்குத் தனிக் கணக்கு வையுங்கள். இருவர் எடையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் மெஷின் ஒருவர் எண்ணை மற்றவர் கணக்கில் போட்டுவிடும், அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடம்பு நீர் பிடித்து ஒன்றிரண்டு கிலோ வரை கூடும். அதனால் அவருக்கு இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதை விட, இந்தச் சுற்றின் அதே நாட்களைப் போன சுற்றின் அதே நாட்களோடு ஒப்பிடுவது சரி. கர்ப்பமாக இருந்தால் கொழுப்பு அளக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். தயவுசெய்து ஒருவர் எண்ணை மற்றவர் கேலி செய்யாதீர்கள், உறவுக்காரர்கள் முன்னால் சொல்லாதீர்கள். எடையைச் சொல்லிச் சொல்லிக் காட்டி, சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்து என்னிடம் வந்த பெண் பிள்ளைகள் உண்டு. காலையில் கண்ட எண் நாள் முழுக்க மனதை அரித்தால், அப்படிப்பட்டவர் மெஷினில் ஏறவே வேண்டாம், டேப் போதும்.

இப்போது அம்மா. பேஸ்மேக்கர் என்பது இதயத்தின் மின்துடிப்பைக் கவனித்து வேலை செய்யும் கருவி. உங்கள் மெஷின் உடம்புக்குள் மின்சாரம் அனுப்புகிறது. அளவு சிறியதுதான், ஆனால் பேஸ்மேக்கர் போன்ற கருவி வைத்தவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று இந்த மெஷின்களின் கையேட்டிலேயே எச்சரிக்கை போட்டிருக்கும். செருப்போடு ஏறினால் மின்சாரம் போகாதே என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், அதை நம்பி ஏற்றாதீர்கள், ஒருநாள் மறந்து வெறுங்காலோடு ஏறிவிடுவார்கள். எடை மட்டும் காட்டும் சாதாரண மெஷின் ஒன்றை அவருக்காகத் தனியாக வாங்கி, உங்களுடையதை அவர் புழங்காத அறைக்கு மாற்றிவிடுங்கள்.

அவருக்கு எடை பார்ப்பது உங்களை விடத் தேவை என்றுகூடச் சொல்வேன். இதயம் பலவீனமானவர்களுக்கு நீர் தேங்க ஆரம்பித்தால், மூச்சு வாங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மூன்று நாளுக்குள் 2 கிலோ கூடினாலோ, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ, வார சராசரிக்காகக் காத்திருக்காமல் அன்றே அவருடைய இதய டாக்டரைக் கூப்பிடுங்கள். அதே போல, முயற்சி எதுவும் செய்யாமல் அவர் எடை மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனாலும் காட்ட வேண்டும். தினமும் காலையில் நீங்கள் ஏறி இறங்கியதும் அவரையும் அவருடைய மெஷினில் ஏற்றி, அந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தக் காலண்டர் தாளையே கிழித்துக் கொண்டுபோங்கள்.